தலைவரைப் பிடிக்கவில்லை, ஆனாலும் கட்சியை விட்டு நான் போகவில்லை

“உங்கள் கட்சித் தலைவரை மக்களுக்கும் பிடிக்கவில்லை, உங்களுக்கும் பிடிக்கவில்லை. பிறகு எதற்காக அங்கேயே இருக்கிறீர்கள்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது. 19 ஆண்டுகளாக ஒரே கட்சியில் கிளை அளவில் வேலை செய்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும்.

நான் எந்தத் தலைவரையும் பார்த்துக் கட்சிக்கு வந்தவன் அல்லன். என் அப்பாவுக்கு வரவேண்டிய கூலி பல மாதங்கள் நின்றுபோனபோது மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதினார்கள். அதை எடுத்துக்கொண்டு அப்பாவோடு அலுவலகம் அலுவலகமாக நடந்தார்கள். பணம் கைக்கு வந்த பிறகு ஒரு நன்றிகூட எதிர்பார்க்காமல் அடுத்த வீட்டு மனுவுக்குப் போய்விட்டார்கள். மூவரில் யாருக்கும் பதவி கிடையாது. கட்சி என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு நினைவுக்கு வருவது அந்த மூன்று முகங்கள்தான்.

இப்போதைய தலைவர் பொறுப்புக்கு வந்தபின் வாக்குக் கேட்டுப் போவது பெரும் வேதனையாகிவிட்டது. சென்ற தேர்தலில் ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா ஒருவர் துண்டறிக்கையை வாங்கி, அதிலிருந்த தலைவரின் படம் உள்ளே போகும்படி நான்காக மடித்தார். பிறகு என்னைப் பார்த்து, “உன்னை எனக்குத் தெரியும் தம்பி. வாக்காளர் பட்டியலில் விட்டுப்போன என் பெயரைச் சேர்த்துக் கொடுத்தவன் நீ. உங்கள் தலைவர் அன்று மேடையில் பேசினாரே, அது சரியா?” என்று கேட்டார். என்னோடு வந்த நிர்வாகி ஏதோ சமாளிக்கத் தொடங்கினார். நான் “சரியில்லை அம்மா” என்று சொல்லிவிட்டேன். தெருமுனை திரும்புவதற்குள் அந்த நிர்வாகியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். அந்த அம்மா யாருக்கு வாக்களித்தார் என்று எனக்குத் தெரியாது. அவரிடம் பொய் சொல்லியிருந்தால் அந்த வாசலில் மறுபடி போய் நிற்க எனக்கு முகம் இருந்திருக்காது.

தேர்தலில் தோற்றோம். அடுத்த செயற்குழுவில், அந்தப் பேச்சுக்காகத் தலைவர் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். 31 பேர் இருந்த அறையில் என்னையும் சேர்த்து 5 கைகள்தான் உயர்ந்தன. செயலாளர் பேனாவை மூடிவிட்டு “அடுத்த பொருளுக்குப் போகலாம்” என்றார். தோற்ற தீர்மானத்தையும் எழுதுங்கள் என்று எழுந்து நின்றேன். எழுதும்வரை உட்காரவில்லை. ஆதரவு 5, எதிர்ப்பு 26 என்று நடவடிக்கைக் குறிப்பேட்டில் இன்றும் இருக்கிறது.

தலைவர் போனாலும் கட்சி நிற்கும் என்று நான் நம்புவதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. பிரிட்டனில் 1931-ஆம் ஆண்டு தொழிற்கட்சிப் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு, வேலையற்றோர் உதவித்தொகையை வெட்டும் விவகாரத்தில் தன் அமைச்சரவை பிளவுபட்டதும், எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து புதிய அரசு அமைத்தார். கட்சி அவரையே வெளியேற்றியது. அந்த ஆண்டுத் தேர்தலில் 287 இடங்களிலிருந்து 52-க்கு விழுந்தது. கட்சியைக் கட்டிய தலைவரே எதிர்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்ட நிலையில், கிளைகளில் அன்று என்ன பேசியிருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். எஞ்சியவர்களில் ஒருவர் கிளமென்ட் அட்லி. 1945-இல் அவர் தலைமையில் அதே கட்சி 393 இடங்களை வென்று தேசிய மருத்துவச் சேவையை உருவாக்கியது.

அதே கட்சியில் 1981-இல் மைக்கேல் ஃபுட் தலைமையும் கட்சி போன போக்கும் பிடிக்காமல் மூத்த தலைவர்கள் நால்வர் பிரிந்து புதுக்கட்சி தொடங்கினார்கள். 1983 தேர்தலில் லிபரல் கட்சியோடு அவர்கள் அமைத்த கூட்டணி 25 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கியும் 23 இடங்களே பெற்றது. 1988-இல் அந்தப் புதுக்கட்சியினரில் பெரும்பாலோர் லிபரல்களோடு இணைந்துவிட்டார்கள். அவர்கள் கொள்கையற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கட்சியின் அணு ஆயுதக் கொள்கையில் அவர்களைப் போலவே மாறுபட்ட அன்றைய துணைத் தலைவர் டெனிஸ் ஹீலி போகாமல் உள்ளேயே நின்று வாதாடினார். எனக்கு அவர் வழிதான் பிடித்திருக்கிறது.

“உன்னைப் போன்றவர்கள் இருப்பதால்தான் மோசமான தலைவர் நீடிக்கிறார்” என்று என் தங்கை சொல்வாள். இந்த வாதம் என்னைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டு கொடி பிடிப்பவனைப் பற்றியானால் அவள் சொல்வது முழு உண்மை. ஆனால் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970-இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: ஓர் அமைப்பு கெடும்போது முதலில் வெளியேறுபவர்கள் பெரும்பாலும் அதன் தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுபவர்கள்; அவர்கள் போனதும் உள்ளே கேள்வி கேட்க ஆள் குறைந்துபோகிறது. எங்கள் செயற்குழுவில் நான் கண்டதும் இதுதான். அந்த 5 பேரும் அதற்கு முந்தின மாதமே விலகியிருந்தால் தீர்மானமே வந்திருக்காது. குறிப்பேட்டில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்திருக்கும்.

அதற்காக எந்தக் கட்சியிலும் எப்படியும் இருந்துவிடலாம் என்று சொல்லவில்லை. தலைவரை மாற்ற விதிகளில் வழி இருக்கிறதா, அந்த வழி உண்மையில் திறக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சியில் உறுப்பினர்களின் வாக்கால் 2001-இல் தலைவரான இயன் டங்கன் ஸ்மித்தை, 2003 அக்டோபரில் அந்தக் கட்சி எம்.பி.க்களே நம்பிக்கை வாக்கெடுப்பில் 90-க்கு 75 என்று இறக்கினார்கள். அவர்களில் 15 சதவீதம் பேர் கடிதம் கொடுத்தால் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும் என்பது அன்றைய விதி. வெறும் காகிதத்தில் இருந்த விதி வேலை செய்தது. எங்கள் கட்சியிலும் உட்கட்சித் தேர்தல் நடக்கிறது. குறைகள் நிறைய உண்டு. பட்டியலில் இல்லாத உறுப்பினர்கள் வாக்களித்ததை நானே கண்டித்து எழுதியிருக்கிறேன். என்றாலும் தேர்தல் நடக்கிறது, முடிவுகள் சில நேரம் மேலிடம் எதிர்பார்த்ததுபோல் வருவதில்லை.

நான் எப்போது விலகுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூலிக்காரன் பக்கம் நிற்பது என்ற அடிப்படையையே கட்சி தீர்மானம் போட்டுக் கைவிட்டால் மறுநாள் இருக்கமாட்டேன். மாற்றுக்கருத்து சொன்னதற்காக ஒருவரை வெளியேற்றினால், அவர் எனக்குப் பிடிக்காதவராக இருந்தாலும், அவரோடு நானும் போவேன். தலைவரின் நாக்கு தடிப்பதும், தேர்தலில் தோற்பதும், தெருவில் நாலு பேர் சிரிப்பதும் விலகுவதற்குப் போதுமான காரணங்களாக எனக்குப் படவில்லை.

அடுத்த மாதம் கிளைக்கு உட்கட்சித் தேர்தல். செயலாளர் பொறுப்புக்கு மனு கொடுத்திருக்கிறேன். என் பெயரை முன்மொழிந்து கையெழுத்திட்டவர், அன்று என் அப்பாவுக்காக மனு எழுதிய மூவரில் இன்று உயிரோடு இருக்கும் ஒருவர். அவருக்கு 81 வயது. கை நடுங்கியதால் கையெழுத்து கோணலாக விழுந்தது. “செல்லாது என்று சொல்லிவிடுவார்களோ, இன்னொரு படிவம் கொடு” என்று வாங்கி மறுபடி போட்டுக் கொடுத்தார்.