கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் சேர்வது எப்படி, பணம் எவ்வளவு?

கிரீன் கார்டும் ஊரில் முடித்த பட்டமும் கையில் இருக்க, கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரியில்) நர்சிங் சேர நினைக்கிறீர்களா? முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: காலேஜில் இடம் கிடைத்தால் நர்சிங்கில் இடம் கிடைத்ததாகாது. அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி.

அதற்கு முன் அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றையும் லேபோடு முடிக்க வேண்டும். நர்சிங் சேர்க்கைக்கான டீஸ் (TEAS) நுழைவுத் தேர்வில் 62 சதவீதம் வேண்டும். ஊர்ச் சான்றிதழ்களை நேசஸ் (NACES) என்ற, வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் நிறுவனங்களின் கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ள நிறுவனத்திடம் பாடவாரியாக மதிப்பிட்டு வாங்குங்கள். பலர் விலை குறைவென்று பொது மதிப்பீட்டை வாங்கிவிடுகிறார்கள். அதில் பாட மதிப்பெண் இருக்காது, காலேஜ் ஏற்காது.

கலிபோர்னியா மாநிலவாசிக்குக் கட்டணம் யூனிட்டுக்கு (பாடச் சுமையின் அளவு) 46 டாலர். அதற்கு, செமஸ்டர் தொடங்குமுன் ஓராண்டும் ஒரு நாளும் அங்கே வசித்திருக்க வேண்டும்; இல்லையென்றால் கட்டணம் பல மடங்கு. ஃபாஃப்சாவை (FAFSA, கல்வி நிதியுதவிக்கான மத்திய அரசு விண்ணப்பம்) மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வருமானம் குறைவென்றால் காலேஜ் பிராமிஸ் கிராண்ட் என்ற மாநிலச் சலுகை அந்த 46 டாலரையும் தள்ளுபடி செய்யும். முதல் இளங்கலைப் பட்டத்தை ஊரில் வாங்கியிருந்தாலும் மத்திய அரசின் உதவித்தொகையான பெல் கிராண்ட் கிடைக்காது, அதை நம்பித் திட்டமிடாதீர்கள். கடன் பெறலாம், ஆனால் எல்லா காலேஜும் அதைத் தருவதில்லை.

யூனிபார்ம், தடுப்பூசி, பின்னணிச் சோதனை, பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) சான்றிதழ் எல்லாம் வகுப்புக்கு முன்பே வரும் செலவுகள். உதவித்தொகையோ பெரும்பாலும் செமஸ்டர் தொடங்கிய பிறகுதான் கைக்கு வரும்.