கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்துக்கு நியாயம் சொல்லும் விதங்களில் எது உங்களுக்கு ஏற்புடையது?

எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். அப்பா வீடு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்), அம்மா வீடு ஆர்.சி. (கத்தோலிக்கர்), சித்தி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். வாக்குவாதத்துக்குப் பஞ்சமில்லாத குடும்பம்.

மாமா கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் கட்சி. அசைகிற எதையும் இன்னொன்று அசைத்திருக்க வேண்டும், அந்த வரிசைக்கு ஒரு முதல் வேண்டும், அதுதான் கடவுள் என்பார். 13ஆம் நூற்றாண்டு வாதம், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து இயேசுவிடம் வந்து சேர இன்னும் நாலு பஸ் மாற வேண்டும்.

வாலிபர் கூட்டத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தது வரலாற்றுச் சான்று: காலியான கல்லறை, உயிர்த்தெழுந்தவரை ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கண்டதாக 1 கொரிந்தியர் 15இல் பவுல் எழுதியது. கல்லூரியில் ஒரு நாத்திக நண்பனிடம் இதை எடுத்து வைத்தேன். "லேய், அந்த ஐந்நூறு பேரும் பார்த்தாங்கன்னு சொல்லது ஒராள்தானே?" என்றான். அன்று வாயடைத்துப் போனேன்.

வேதாகமத்தின் கடவுளை ஏற்காவிட்டால் தர்க்கத்துக்கே அடித்தளம் இல்லை என்பது வான் டில் என்ற 20ஆம் நூற்றாண்டு இறையியலாளரின் வழி. எனக்கு அது ஊரைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட வாசலுக்கே வருவதுபோல் இருக்கிறது.

நம் குமரி மாவட்டத்திலேயே வேறொரு வழி உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை, இழப்புகளால் நொந்திருந்தபோது திருவிதாங்கூர் படைத் தளபதி டிலனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் கதையை வேதாகமத்திலிருந்து சொன்னார் என்பார்கள். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 2022இல் புனிதர் பட்டம். யோபுவின் கதையில் வேடிக்கை என்னவென்றால், விளக்கம் சொல்ல வந்த நண்பர்கள்மேல்தான் கடைசியில் கர்த்தருக்குக் கோபம். முதல் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள், அதோடு நிறுத்தியிருக்கலாம்.

1 பேதுரு 3:15ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், 'உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள்' என்று; உத்தரவு என்றால் இங்கே பதில். அதே வசனத்தில் 'சாந்தத்தோடும்' என்று இருப்பது வாதம் சூடானால் மறந்துவிடும். எனக்கும்தான்.

அந்த நண்பனின் அப்பா இறந்தபோது நான் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். சித்தி கஞ்சியும் பயறும் எடுத்துக்கொண்டு போய் அவன் அம்மாவோடு உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரம், தினமும். ஜெபிக்கட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. பெந்தெகொஸ்தே ஆளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவன் இன்றும் நாத்திகன்தான். கிறிஸ்துமஸுக்கு சித்தி வீட்டுக்குத் தவறாமல் வருவான், அந்த ஐந்நூறு பேர் கணக்கையும் விடமாட்டான்.