போனஸ் வந்ததும் ஏன் கிளம்பிவிடுகிறார்கள்?

கேள்வி: சிங்கப்பூரின் ராபின்சன் ரோட்டில் ஒரு நடுத்தர நிதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மொத்தம் சுமார் 200 பேர். வாடிக்கையாளர் ஆவணங்களைச் சரிபார்க்கும் 11 பேர் என் பொறுப்பில் இருந்தார்கள். மார்ச்சில் போனஸ் வந்தது. ஏப்ரல் முடிவதற்குள் நான்கு பேர் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார்கள். இருவருக்குச் சம்பளம் கூட்டித் தருவதாகச் சொன்னோம், நிற்கவில்லை. நிர்வாகம் வெள்ளிக்கிழமைதோறும் பீட்சா வாங்கித் தருகிறது, கருத்தாய்வு நடத்துகிறது. இதற்கிடையில் எனக்கும் வெளியிலிருந்து ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, செங்காங்

பதில்: அன்புச் சகோதரி,

போன நான்கு பேரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மிச்சமிருக்கும் ஏழு பேரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அவர்களை நினைத்துத்தான் கவலை. பதினொரு பேரின் கோப்புகள் இப்போது ஏழு பேர் மேசையில். நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் நாணய ஆணையத்தின் விதிகள் ஆள் குறைந்ததற்காகத் தளராது. ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்து முடிப்பவர்தான் அடுத்த கடிதத்தை எழுதுவார்.

கடிதம் வந்த பிறகு சம்பளம் கூட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த நேரத்தில் அவர் மனதளவில் போய்விட்டிருப்பார். அதைவிட மோசம், ராஜினாமா செய்தால்தான் இங்கே மதிப்பு என்று மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

அதற்காகச் சம்பளம் முக்கியமில்லை என்று சொல்லமாட்டேன். பெரிய வங்கிகளின் சம்பளத்தோடு உங்கள் நிறுவனம் போட்டிபோட முடியாமல் இருக்கலாம். அது ஊழியர்களுக்கும் தெரியும். அவர்களைச் சுடுவது வேறு: மூன்று வருடம் உழைத்தவரைவிட, அதே வேலைக்கு நேற்றுச் சேர்ந்தவர் கூடுதலாக வாங்குவது. உங்கள் குழுவில் அப்படி இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். இருந்தால், யாரும் வாய் திறப்பதற்கு முன்பே சரிசெய்யச் சொல்லிப் போராடுங்கள்.

அப்புறம் அந்தக் கருத்தாய்வு. ஏழு பேர் உள்ள குழுவில், பெயர் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஒவ்வொருவரையும் தனியாக லாவ் பா சாட் உணவங்காடிப் பக்கம் காப்பிக்கு அழைத்துப் போய் அரை மணி நேரம் பேசுங்கள். எந்த வேலை சலித்துவிட்டது, எதைக் கற்க ஆசை, கடைசியாக எப்போது வேறு வேலை தேடத் தோன்றியது என்று நேராகவே கேளுங்கள். கேட்டதில் ஒன்றையாவது இரண்டு வாரத்துக்குள் செய்து காட்டுங்கள். செய்யமுடியாததை முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

வேலை நேரம் பற்றிக் கட்டாயம் பேச்சு வரும். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு குறித்த முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலம் முடித்த ஊழியர் முறைப்படி விண்ணப்பித்தால், நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். மறுக்கலாம், ஆனால் நியாயமான வணிகக் காரணம் சொல்லவேண்டும். பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வரும் ஒருவருக்கு அரை மணி நேரம் தள்ளி வேலையைத் தொடங்க அனுமதிப்பது பத்து பீட்சாவுக்கு மேல்.

இதையெல்லாம்விட முக்கியம், அடுத்த படி கண்ணுக்குத் தெரிவது. ஒரு காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் (தொழில் நடத்திய கூடங்களில்) லேவாதேவி நடத்திய செட்டியார்களிடம் பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை உதவியாளாகச் சேர்ந்தவனுக்கு, அடுத்து அடுத்தாள் (துணையாள்), அதன்பின் மேலாள் (பொறுப்பாளர்) என்று போகும் வழி தெரிந்திருந்தது. உங்கள் குழுவில் மூன்று வருடமாகப் பாஸ்போர்ட் நகலும் முகவரிச் சான்றும் பார்ப்பவருக்கு அப்படி என்ன தெரிகிறது? சிக்கலான கோப்பு ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவுவரை அவரிடம் கொடுங்கள். தணிக்கையாளர்களோடு நடக்கும் கூட்டத்தில் உட்காரவையுங்கள். பெரிய வங்கியில் ஒருவர் துண்டு வேலைதான் பார்ப்பார். முழு வேலையையும் கற்றுத்தர நடுத்தர நிறுவனத்தால் முடியும், அதுதான் உங்கள் பலம்.

படிப்புக்குப் பணம் பெரிய தடையில்லை. 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே முதல் பயிற்சிக் கட்டணத்துக்கென்று அரசாங்கம் தரும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை இருக்கிறது. நிதித்துறைக்கென்று ஐபிஎஃப் (வங்கி, நிதித்துறைக் கழகம்) அங்கீகரித்த பயிற்சிகளுக்கு மானியமும் உண்டு. இல்லாதது நேரம்தான். மாதத்தில் ஒரு நாளைப் படிப்புக்கு ஒதுக்க மேலிடத்தில் அனுமதி வாங்குங்கள். படித்துவிட்டுப் போய்விடுவார்களே என்று பயமுறுத்துவார்கள். சிலர் போவார்கள்தான். போகட்டும்.

இனி உங்கள் விஷயம். ஏழு பேரிடம் கேட்கச் சொன்ன அதே கேள்விகளை உங்களிடம் யாராவது கேட்டார்களா? கடிதத்தைப் படித்தால் கேட்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. இந்த வாரமே உங்கள் மேலதிகாரியிடம் நேரம் வாங்குங்கள். காலியான நான்கு இடங்களை எப்போது நிரப்புவார்கள், உங்களுக்கு அடுத்த பொறுப்பு என்ன என்ற இரண்டையும் கேளுங்கள். வெளியே வந்த வாய்ப்பைச் சொல்லி மிரட்டவேண்டாம். தேதியோடு பதில் வந்தால் இருந்து பாருங்கள். “பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னால், குழுவை விட்டுப் போகிறோமே என்ற குற்ற உணர்ச்சி இல்லாமல் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள்.