கப்பல் பயணத்தை ரத்து செய்யும் முன் நாள்காட்டியைப் பாருங்கள்

கேள்வி: நானும் மனைவியும் சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்பும் சொகுசுக் கப்பலில் போக, மதுரையில் ஓர் ஏஜென்ட்டிடம் 1,80,000 ரூபாய் கட்டியிருக்கிறோம். பயணக் காப்பீட்டையும் அவரே எடுத்துக் கொடுத்தார். மனைவிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இப்போது பாதத்தில் புண் வந்து, மூன்று மாதம் அதிகம் நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கப்பல் கிளம்ப இன்னும் 66 நாள்கள் இருக்கின்றன. "பொறுத்துப் பாருங்கள், இன்ஷூரன்ஸ் இருக்கும்போது என்ன கவலை" என்கிறார் ஏஜென்ட். பொறுக்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: ஐயா, உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோது 66 நாள் 63 ஆகியிருந்தது. அச்சாகும்வரை காத்திருந்தால் பணம் போய்விடும் என்பதால்தான் அன்றே தொலைபேசியில் அழைத்தேன். அப்போது அவசரமாகச் சொன்னதற்கான காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் இணைத்திருந்த முன்பதிவுத் தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கப்பல் கிளம்ப 74 முதல் 61 நாள் இருக்கும்போது ரத்து செய்தால் கட்டணத்தில் 50 சதவீதம் பிடிப்பார்கள். 60 முதல் 31 நாள்வரை 75 சதவீதம். 30 நாளும் அதற்குக் கீழும் என்றால் முழுவதும் போச்சு. பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவற்றின் விதி ஏறக்குறைய இந்த வடிவில்தான் இருக்கும். ரயில் டிக்கெட்டை ரத்து செய்யும்போது மணிக்கணக்கு பார்ப்பதைப் போல இங்கே நாள்கணக்கு. 61ஆம் நாள் இரவுக்கும் 60ஆம் நாள் காலைக்கும் நடுவே உங்கள் கட்டணத்தில் கால்வாசி கரைகிறது.

அடுத்தது ஏஜென்ட் போட்ட கணக்கு. 75 சதவீதம் என்றால் 1,80,000இல் 1,35,000 போய் 45,000 திரும்பி வரும் என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஆனால் உங்கள் ரசீதில் மூன்று தொகைகள் தனித்தனியாக இருக்கின்றன: பயணக் கட்டணம் 1,50,000, துறைமுகக் கட்டணமும் வரிகளும் 24,000, ஏஜென்ட்டின் சேவைக் கட்டணம் 6,000. நடுவில் உள்ள 24,000 கப்பல் நிறுவனத்தின் வருமானம் அல்ல. நீங்கள் ஏறாவிட்டால் உங்கள் பெயரில் அதைத் துறைமுகத்துக்குக் கட்ட வேண்டிய தேவையும் இல்லை. அதனால் ரத்துச் சதவீதம் பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான் என்று உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதன்படி 50 சதவீதக் கட்டத்தில் ரத்து செய்தால் 75,000 பிடித்தம் போக, அந்த 24,000ஐயும் சேர்த்து உங்களுக்கு 99,000 வர வேண்டும். 75 சதவீதக் கட்டத்தில் என்றால் 61,500. இரண்டுக்கும் இடையே 37,500 ரூபாய் வித்தியாசம். "பொறுத்துப் பாருங்கள்" என்ற யோசனையின் விலை அதுதான். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் அட்டவணையைப் படித்திருக்க மாட்டார்.

ரத்து செய்வதை வாய்வார்த்தையாக விடாதீர்கள் என்றும் சொன்னேன். ஏஜென்ட்டிடம் நீங்கள் சொன்ன நேரம் கணக்கில் வராது. அவர் சொல்லி, கப்பல் நிறுவனம் பதிவு செய்த நேரம்தான் கணக்கு. சனிக்கிழமை மாலை நீங்கள் சொல்லி, அவர் திங்கள்கிழமை கடை திறந்ததும் அனுப்பினால் இரண்டு நாள் போயிற்று. மின்னஞ்சல் அனுப்புங்கள், ரத்து உறுதிச் சீட்டை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

அதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிடலாம். அறையில் பதிவான இருவரில் ஒருவர் போகும்பட்சத்தில், மற்றவருக்குப் பதிலாக வேறொருவர் பெயரை மாற்றிக்கொள்ளச் சில நிறுவனங்கள் சிறு கட்டணத்தில் அனுமதிக்கின்றன. மகளோ தம்பியோ உங்களுடன் வர முடிந்தால் நட்டம் வெகுவாகக் குறையும். மனைவியை இந்த நிலையில் விட்டுவிட்டுப் போக மனம் வராது என்றீர்கள், நியாயம்தான். தேதியைத் தள்ளிப்போடலாமே என்றால், முழுப் பணமும் கட்டிய பிறகு அதையும் பல நிறுவனங்கள் ரத்தாகவே எடுத்துக்கொள்கின்றன.

இனி காப்பீடு. இதில் உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல அதிகம் இல்லை. ரத்துக் கட்டணம் உங்களுக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். காப்பீடு வேறொரு நிறுவனத்துடன் வேறு விதிகளில் போட்ட இன்னொரு ஒப்பந்தம். முதலாவதில் பணம் போனதாலேயே இரண்டாவதில் வந்துவிடாது. பயணம் ரத்தாவதற்கான இழப்பீட்டை, பாலிசியில் எழுதியிருக்கும் காரணங்களுக்கு மட்டுமே தருவார்கள். உங்கள் பாலிசி சொல்லும் காரணங்கள் மரணம், திடீர் நோய் அல்லது விபத்தால் மருத்துவமனையில் சேர்வது போன்றவை. ஏற்கெனவே உள்ள நோயும் அதன் விளைவுகளும் விலக்கு. பன்னிரண்டு ஆண்டு சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணை அந்த விலக்கில் சேர்க்க அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். போதாக்குறைக்கு, விண்ணப்பத்தில் "ஏற்கெனவே நோய் உண்டா" என்ற கேள்விக்கு ஏஜென்ட் "இல்லை" என்று நிரப்பியிருக்கிறார். நீங்களும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அப்படியே ஏற்றுக்கொண்டாலும் உங்கள் திட்டத்தில் பயண ரத்துக்கான உச்சவரம்பு 500 டாலர்தான். அதிலும் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

இருந்தாலும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மருத்துவர் பயணம் கூடாது என்று சொன்ன தேதியோடு சான்றிதழ், கப்பல் நிறுவனம் பிடித்த தொகையைக் காட்டும் ரத்துச் சீட்டு, பணம் கட்டிய ரசீதுகள் ஆகியவற்றுடன் ரத்து செய்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதுங்கள். பதிலுக்காக ரத்தைத் தள்ளிப்போட வேண்டாம். காரணம் தெரிந்த உடனே ரத்து செய்யாமல் நாள் கடத்தியதால் கூடிய பிடித்தத்தைக் காப்பீட்டு நிறுவனம் உங்கள் தலையிலேயே கட்டக்கூடும். சர்க்கரை நோயை மறைத்துச் சான்றிதழ் எழுதித் தரச் சொல்லி மருத்துவரைக் கேட்காதீர்கள். பழைய மருந்துச் சீட்டு ஒன்று வெளிவந்தால் அதோடு எல்லாம் முடிந்தது.

அடிக்கடி பார்க்கும் ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். பயணம் இல்லையென்று ஆனதும், பிரீமியத்தையாவது மீட்டுத் தருகிறேன் என்று ஏஜென்ட் பாலிசியையும் சேர்த்து ரத்து செய்துவிடுவார். சில ஆயிரம் திரும்ப வரும், ஆனால் உயிரோடு இல்லாத பாலிசியில் எதைக் கோருவது? கோரிக்கை முடியும்வரை அதைத் தொட வேண்டாம் என்று அவரிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், அல்லது புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லையென்றால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. விண்ணப்பத்தை நீங்கள் நிரப்பவில்லை என்ற வாதத்தை அங்கே வைக்கலாம். உங்கள் கையெழுத்து இருப்பதால் அது பலவீனமான வாதம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஏஜென்ட் துறைமுகக் கட்டணத்தைத் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்குங்கள். அதற்கு மேல் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர வழி செய்திருக்கிறது.

திருச்சி–சிங்கப்பூர் விமான டிக்கெட்டை மறந்துவிடாதீர்கள். நீங்கள் எடுத்திருப்பது இந்திய விமான நிறுவனம் என்பதால், திரும்பத் தர மாட்டோம் என்ற சலுகை டிக்கெட்டாக இருந்தாலும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் அவர்கள் திருப்பித் தர வேண்டும் என்பது, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. கேட்காவிட்டால் பலர் தருவதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகன், "எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம்" என்ற பாலிசியை ஏன் வாங்கவில்லை என்று கேட்டாராம். அங்கே அது உண்டு, ஆனால் முழுப் பணமும் வராது. பொதுவாக 50 முதல் 75 சதவீதம்தான் தருவார்கள். முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்கியிருக்க வேண்டும், பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது ரத்து செய்ய வேண்டும். இங்கே கடையில் கேட்டால் உடனே கிடைக்கும் சரக்கு அல்ல அது. மனைவிக்குக் கால் ஆறி அடுத்த ஆண்டு மறுபடி கிளம்பினால், ஏற்கெனவே உள்ள நோயைச் சொல்லி, அதையும் ஓரளவு ஏற்கும் திட்டமாகப் பார்த்து வாங்குங்கள். பிரீமியம் கூடும். விண்ணப்பத்தை இம்முறை நீங்களே நிரப்புங்கள்.