‘நச்சு வெளியேறுகிறது’ என்றால் நம்ப வேண்டாம்

கேள்வி: வீகன், ஆர்கானிக் பொருட்களுக்கு மாறலாம் என்று, விலை குறைவாகக் கிடைத்த ஷாம்பூ கட்டி, கண்டிஷனர், முகத்துக்கான எண்ணெய் மூன்றையும் ஒன்றாக வாங்கிப் பயன்படுத்துகிறேன். இப்போது முடி பிசுபிசுக்கிறது. நெற்றியில் சின்னச் சின்னப் பருக்கள், கழுத்தில் அரிப்பு. ‘நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்’ என்கிறாள் தோழி. தொடரலாமா?

பதில்: வேண்டாம். மூன்றையும் இன்றே நிறுத்துங்கள். உடலின் கழிவை அகற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. ஷாம்பூ மாற்றினால் தோல் வழியாக எந்த நச்சும் வெளியேறாது.

ஆர்கானிக் என்பது பயிரை எப்படி வளர்த்தார்கள் என்பதைப் பற்றியது. வீகன் என்றால் தேன்மெழுகு, ஆட்டு ரோமத்திலிருந்து வரும் லனோலின் போன்றவை இல்லை என்று அர்த்தம். உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதற்கு இரண்டிலுமே பதில் கிடையாது. லாவெண்டர், டீ ட்ரீ போன்ற வாசனை எண்ணெய்கள் செடியிலிருந்து வருபவைதான். ஆனால் காற்றுப்பட்டுப் பழசாகும்போது அவையே ஒவ்வாமையைத் தூண்டலாம். கழுத்து அரிப்புக்கு என் முதல் சந்தேகம் இந்த வாசனைப் பொருட்கள் மேல்தான். நெற்றிப் பருக்களுக்கு முகத்து எண்ணெய் காரணமாக இருக்கலாம், முடியிலிருந்து வழியும் கண்டிஷனரும் காரணமாகலாம்.

பிசுபிசுப்புக்கு அந்தக் கட்டியின் லேபிளைப் பாருங்கள். எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்த சாதாரண சோப்பு என்றால் அதன் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 9, 10 வரை போகும். தலைத்தோலுக்கோ சுமார் 5.5. கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த கடின நீரில் சோப்பு நுரைக்காமல் முடியில் படிந்துவிடும். சோப்பு இல்லாத ஷாம்பூ கட்டிகளும் உண்டு, வீகனிலேயே. அவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

அரிப்பு அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். தோலில் பூசி அப்படியே விடும் பொருளை முழங்கையின் உட்பக்கம் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தடவிப் பாருங்கள். ஒவ்வாமை பெரும்பாலும் உடனே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்தும் வரும். அதனால் கடையில் நின்று புறங்கையில் ஒரு சொட்டு தேய்த்துப் பார்த்தால் போதாது. அலசிவிடும் ஷாம்பூவை இப்படி நாள் முழுக்கப் பூசி வைக்காதீர்கள், அதுவே எரிச்சலைத் தரும்.

சரி, செலவு? ஷாம்பூ சில நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும். அதில் மிச்சம் பிடியுங்கள். வாசனை சேர்க்காத, சேர்மானங்கள் குறைவான மாய்ஸ்சரைசர் ஒன்று போதும். ‘பிரிசர்வேட்டிவ் இல்லை’ என்பதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். தண்ணீர் கலந்த க்ரீமில் அது இல்லாவிட்டால் கிருமி வளரும். கழுத்து வறண்டிருந்தால் பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். ஆர்கானிக் அல்ல, ஆனால் விலங்குப் பொருளும் அல்ல. ஒவ்வாமை மிக அரிது, விலையும் குறைவு.

கண்ணிமை வீங்கினாலோ, தோலில் நீர் கசிந்தாலோ, நிறுத்தி இரண்டு வாரமாகியும் அரிப்பு தணியாவிட்டாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது மூன்று பொருட்களையும் அட்டைப்பெட்டியோடு எடுத்துப் போங்கள். பேட்ச் டெஸ்ட் (எது ஒவ்வாமை தருகிறது என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்ய அந்தச் சேர்மானப் பட்டியல் தேவைப்படும்.