பசை பூசியும் நிற்காத ஹெட் கேஸ்கட்

கேள்வி: ஐயா, நான் குச்சவெளியிலிருந்து திருகோணமலை ரவுனுக்குத் தினமும் மீன் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவன். வண்டி பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிள். மூன்று மாதத்தில் இரண்டு தடவை ஹெட் கேஸ்கட் (சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு) மாற்றியாச்சு. இரண்டாவது தடவை சிலிக்கன் பசையும் பூசித்தான் பூட்டினோம். ஒரு கிழமை நன்றாக ஓடியது, இப்போது மறுபடியும் ஹெட்டுக்குக் கீழே 'சக் சக்' என்று காற்று அடிக்கிறது, பெட்டியோடு இழுவையே இல்லை. இதைவிட நல்ல பசை இருக்கிறதா?

பதில்: தம்பி, பசை தேடுவதை விடுங்கள், ஹெட்டின் முகத்தைப் பாருங்கள். அடைப்பது அந்த முகம்தான். அது வளைந்திருந்தால் எந்தக் கேஸ்கட்டும் நிற்காது. உங்கள் வண்டியின் போர், அதாவது சிலிண்டரின் உள் விட்டம், 50 மில்லிமீற்றர். கிக்கர் உதைக்கும்போது சதுர சென்றிமீற்றருக்கு 8 கிலோ கம்பிரஷன் (உள்ளே அமுங்கும் காற்றின் அழுத்தம்) என்று வைத்தால்கூட ஹெட்டைத் தூக்கும் விசை 150 கிலோவைத் தாண்டும், நெருப்புப் பிடித்தபின் அது பல மடங்கு. அந்த விசைக்கும் அந்தச் சூட்டுக்கும் சிலிக்கன் கரைந்தும் கருகியும் போய்விடும், அது இருந்த இடத்தில் நட் தளர்ந்து நிற்கும். பிதுங்கி உள்ளே போன துண்டு சிலிண்டருக்குள் விழுந்தால் அது வேறு கரைச்சல்.

முதலில் கசிவு அங்கேதானா என்று உறுதி செய்யுங்கள். என்ஜின் ஆறியபின் சோப்புத் தண்ணீரை ஹெட்டும் சிலிண்டரும் சேரும் கோட்டில் ஊற்றிவிட்டுக் கிக்கரை உதைத்தால் கசிகிற இடத்தில் நுரை கொப்பளிக்கும். அநேகமாக அந்த இடத்தில் சூட்டை ஆற்றும் செட்டைகளுக்கு நடுவே கறுப்பு எண்ணெய்க் கறையும் பிடித்திருக்கும்.

கழற்றுவதும் ஆறிய என்ஜினில்தான், சூட்டோடு கழற்றினால் அலுமினியம் வளையும். நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றாகக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். கடற்கரையோரம் ஓடும் வண்டி, உப்புப் பிடித்து நட் இறுகியிருக்கும். முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள், பலவந்தம் பண்ணி ஸ்டட்டை (நட் பூட்டும் மரைக்கம்பியை) முறித்தால் வேலை நாலு மடங்காகும். பிஸ்டனை மேலே கொண்டுவந்து, சுற்றிவரத் துணி அடைத்து, கரியை மரத்துண்டால் சுரண்டுங்கள், ஸ்குரூ டிரைவர் வேண்டாம். சிலிண்டரை அசைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அசைந்தால் சிலிண்டருக்குக் கீழே உள்ள அடிக் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டி வரும்.

இனி முக்கியமான வேலை. தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றில் 400ஆம் நம்பர் தண்ணீர்ப் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை) ஒட்டுங்கள். ஹெட்டின் முகம் முழுக்க மார்க்கர் பேனையால் கோடு போட்டு, சோப்புத் தண்ணீர் விட்டு, எட்டுப் போடுவது மாதிரி நாலைந்து தடவை மெல்லத் தேயுங்கள், பிறகு திருப்பிப் பாருங்கள். போன வருடம் உப்புவெளியில் ஒருவரின் ஹெட்டை இப்படித் தேய்த்தோம். மற்ற எல்லா இடமும் வெள்ளையாகிவிட்டது, சைலன்சர் பக்கத்து இரண்டு நட்டுக்கும் நடுவில் மட்டும் விரல் அகலத்துக்குப் பேனைக் கோடு அப்படியே நின்றது. கறுப்புக் கறை இருந்ததும் அதே இடம். கோடு முழுவதும் மறையும்வரை தேய்த்து, 600ஆம் நம்பர் பேப்பரில் முடித்தோம். பள்ளம் கண்ணுக்குத் தெரிகிற அளவு என்றால் கையால் தேய்க்காமல் லேத்தில் கொடுங்கள். 0.03 மில்லிமீற்றர் வளைவே கூடுதல்தான். சிலிண்டரின் மேல் முகத்தையும் நேர்க்கட்டை வைத்துப் பாருங்கள்.

கேஸ்கட் புதிதாகவே போடுங்கள். செம்பு என்றால் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டு மறுபடியும் பாவிக்கலாம், அது இளகிவிடும். அலுமினியத்தை அப்படிச் செய்யக் கூடாது, சிவந்து காட்டாமலே உருகிவிடும். இரண்டு கேஸ்கட்டை ஒன்றாகப் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள், கம்பிரஷன் விழுந்துவிடும். பூட்டும்போதும் குறுக்கு மறுக்காக மூன்று தவணையில் இறுக்குங்கள். வண்டியின் கைநூலில் உள்ள அளவுதான் சரி, 8 மில்லிமீற்றர் ஸ்டட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீற்றர். இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ஸ்பானர் ஒரு மணித்தியாலத்துக்கு இரவல் வாங்கினாலும் போதும். பிறகு ஒருக்கால் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு மறுபடி அதே அளவுக்கு இறுக்குங்கள்.

கேள்வி: என் டூ ஸ்ட்ரோக் வண்டி அக்சிலேட்டரை விட்டபின்னும் இரைந்துகொண்டே நிற்கிறது. இதுவும் ஹெட் கேஸ்கட்டா? (கிண்ணியா வாசகர்)

பதில்: இல்லை. ஹெட்டில் கசிந்தால் காற்று வெளியே போகும், உங்களுக்கு உள்ளே வருகிறது. கார்புரேட்டர் ரப்பர், அடிக் கேஸ்கட், கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் ஓரத்து ரப்பர் அடைப்பு) மூன்றையும் பாருங்கள். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம், பெற்றோலும் அதோடு வரும் எண்ணெயும் குறைந்து பிஸ்டன் பிடித்துவிடும்.