பெட்ஸ்டையில் பழைய பிரவுன்ஸ்டோன் வீடு வாங்கலாமா?

தம்பி, நியூயார்க்கின் புரூக்ளினில் பெட்ஃபோர்டு ஸ்டைவசண்ட் (சுருக்கமாக பெட்ஸ்டை) பக்கம், முகப்பில் பழுப்புக் கல் பதித்த ஒரு பழைய பிரவுன்ஸ்டோன் வீடு பார்த்திருப்பதாகவும், ஏரியா மாறிக்கொண்டே வருவதால் விலை இன்னும் ஏறுவதற்குள் முடித்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் புரோக்கரின் அவசரத்துக்கு நீங்கள் ஓட வேண்டாம். முகப்பின் அழகில் மயங்கும் முன், பத்திரத்தையும் உள்ளே குடியிருப்பவர்களையும் பாருங்கள்.

ஏன் பத்திரம் என்றால், 1930களில் அரசுத் தரப்பில் போட்ட கடன் வரைபடத்தில் இந்தப் பகுதி முழுக்கச் சிவப்பு, அதாவது கடன் கொடுப்பது ஆபத்து என்ற முத்திரை. வங்கிகள் கடன் தராமல் ஒதுக்கிய காலத்தில் கறுப்பினக் குடும்பங்கள் பாடுபட்டு வாங்கிக் காப்பாற்றிய வீடுகள் இவை. தாத்தா பேரிலேயே பத்திரம் கிடக்க, நாலைந்து வாரிசுகள் உரிமை கொண்டாடும் வீடுகள் நிறைய. அந்தக் குழப்பத்தில் புகுந்து, வயதானவர்களிடம் கையெழுத்து வாங்கி வீட்டையே பறிக்கும் கும்பல்கள் உண்டு. 2024 முதல் நியூயார்க்கில் பத்திரத் திருட்டு தனிக் குற்றம். நகரப் பதிவுத்துறையின் அக்ரிஸ் தளத்தில் 1966க்குப் பிந்தைய பத்திரங்களை இலவசமாகப் பார்க்கலாம். சமீபத்தில் யாரோ ஒரு எல்.எல்.சி. (தனியார் நிறுவனம்) அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கி, உடனே விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். பத்திர உரிமையில் வில்லங்கம் வந்தால் ஈடு தரும் டைட்டில் இன்சூரன்ஸ் உங்கள் பணத்தைக் காக்கும், ஏமாந்த குடும்பத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

அடுத்தது வாடகைக்கு இருப்பவர்கள். "காலி செய்து தருகிறோம்" என்று வாயால் சொல்வது போதாது, ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். எப்படிக் காலி செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். கட்டடத்துக்கு நகராட்சி தரும் குடியிருப்புச் சான்றிதழில் எத்தனை குடும்பம் என்று போட்டிருக்கிறது? அறை அறையாக வாடகைக்கு விட்ட வீடு என்றிருந்தால், யாரையும் தொந்தரவு செய்து விரட்டவில்லை என்று நகராட்சியிடம் சான்று வாங்கிய பிறகுதான் பெரிய மாற்ற வேலைகளில் கை வைக்க முடியும். 1938க்கு முன் கட்டிய வீடாதலால் சான்றிதழே இல்லாமலும் இருக்கலாம். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். ஆனால் புரோக்கர் காட்டும் வக்கீல் வேண்டாம், நீங்களே ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

சரி, கல்லுக்கு வருவோம். அந்தப் பழுப்புக் கல் முகப்பில் சில அங்குலம்தான், பின்னால் முழுக்கச் செங்கல். கனெக்டிகட்டின் போர்ட்லண்ட் சுரங்கங்களிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் வந்த மென்மையான மணற்கல் அது. அடுக்குகள் செங்குத்தாக நிற்கும்படி பதித்ததால் தண்ணீர் உள்ளே இறங்கி, குளிரில் உறைந்து, ஓதம் ஏறிய சுவரில் காரை உதிர்வதுபோல ஏடு ஏடாக உரியும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது. வாசல் படிகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு நிலவறைக்குப் போங்கள். உத்தரக் கட்டைகள் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், இறங்கினால் உளுத்த கட்டை. தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயைச் சாவியால் லேசாகச் சுரண்டுங்கள். மெத்தென்று வெள்ளியாய் மின்னி, காந்தமும் ஒட்டாவிட்டால் ஈயம். தெருவின் பிரதானக் குழாய் வரை மாற்றும் செலவு வீட்டுக்காரருடையது.

வீடு பெட்ஸ்டைக்குள் உள்ள ஸ்டைவசண்ட் ஹைட்ஸ் என்ற பழமைப் பாதுகாப்பு வட்டாரத்தில் இருந்தால் (1971இல் அறிவித்து 2013இல் விரிவாக்கினார்கள்), முன்பக்க ஜன்னலை மாற்றக்கூட அனுமதி வேண்டும்.

விலை 10 லட்சம் டாலரைத் தொட்டால் மொத்த விலைக்கும் குறைந்தது 1 சதவீதம் மேன்ஷன் வரி (விலை கூடிய வீடுகளுக்கான வரி), கட்டுவது நீங்கள். வீட்டுக் கடனைப் பதிவு செய்வதற்கான வரி தனி. சொத்து வரி பரவாயில்லை: மூன்று குடும்பம் வரையிலான வீட்டுக்கு வரி போடுவதற்கான மதிப்பீட்டை ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேலோ, ஐந்தாண்டில் 20 சதவீதத்துக்கு மேலோ ஏற்றக்கூடாது. நீங்கள் செய்யும் பெரிய வேலைகள் அந்த வரம்பில் அடங்காது.

இன்னொன்று. நீங்கள் "மாறுகிற ஏரியா" என்று எழுதியிருந்தீர்கள். என் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அந்த மாற்றம் வருவது, 'ரொக்கம் தருகிறோம், வீட்டைக் கொடுங்கள்' என்று இரும்புக் கேட்டில் செருகிய நோட்டீஸாகவும் ஓயாத போன் அழைப்பாகவும்தான். அவர் கோபம் நியாயமானது. கையெழுத்துப் போடும் முன் சாயங்காலம் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள், படியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். தெருச் சங்கம் இருந்தால் கூட்டத்துக்குப் போங்கள். இந்த வீட்டில் யார் இருந்தார்கள், ஏன் விற்கிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

அக்ரிஸில் தேடியதும் பத்திரங்களின் வரிசையை எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.